அறுபத்திரெண்டாவது புகை

இல்லைங்க சாமி, வண்டி இல்ல. வண்டியே கெடையாது. நீங்க காகிதம் தொங்கற அந்தக் கோலத் தூக்கிக்கிட்டு இந்தக் கோயில் பார்க்கிங்க ரெண்டு சுத்து சுத்தி வந்ததப் பாத்துக்கிட்டுத்தான் நிக்கிறேன். அந்த வெள்ள வேன் எங்களோடது இல்ல, டோஃபு கடக்காரர் நிறுத்திட்டுப் போயிருக்காரு. நல்லவேள, அதுக்கு மந்திரத்த ஆரம்பிக்கல நீங்க.

ஆமா, பூச ஃபாரத்துல புது வண்டின்னுதான் டிக் அடிச்சிருக்கும். அது சுகிதானி பண்ண வேல. எங்க ப்ரோக்ராமர். அவனையும் சும்மா திட்ட முடியாது, உங்க ஃபாரம் அப்படி. கொழந்தைக்கு, பரீட்சைக்கு, புது வீட்டுக்கு, கண்டம் வர்ற வயசுக்கு, புது வண்டிக்கு. கேமுக்குன்னு ஒரு கட்டம் இல்ல. புதுசா செஞ்ச பொருள், ஓடற பொருள், வண்டிதான் கிட்டக்க வருதுன்னு அடிச்சிட்டான். அவன் மூள அப்படித்தான் வேல செய்யும்.

கேம் சாமி. வீடியோ கேம். பேய் கேம்.

சிரிக்கிறீங்களா, சிரிங்க. உள்ள உக்காந்திருக்காங்களே பதிமூணு பேரு, கொழந்தைங்க பூசைக்கு வந்த கூட்டத்துக்கு நடுவுல, கறுப்பு கோட்டு போட்டுக்கிட்டு, ஒரு கொழந்தகூட இல்லாம, அவங்கதான் நாங்க. நான் பதினாலாவது. ஒகினோன்னு பேரு. புகை போடறவ.

புகைன்னா நெசப் புகை இல்ல. திரைல வர்ற புகை, மழ, தூசி, தீ, இதெல்லாம் வரையற வேல. இருவத்தாறு வருஷமாப் பண்றேன்.

உள்ளயா? இல்ல, நான் இங்கயே நிக்கிறேன். அந்தக் கம்ப வாசலத் தாண்டி வரல. முட்டி வலி.

சரி, முட்டி வலி இல்ல. உங்ககிட்ட பொய் சொல்லக் கூடாது. வேற ஒண்ணு இருக்கு. அத உங்ககிட்ட கேக்கணும்னுதான் நிக்கிறேன். பூச பதினொரு மணிக்குத்தான? இன்னும் இருவது நிமிஷம் இருக்கு. கேட்டுட்டு, நீங்க உள்ள வான்னா வர்றேன், போன்னா போறேன். ஆனா ஹிகாமி விடமாட்டான். எங்க டைரக்டரு. பதினாலு பேரும் தல குனிஞ்சாத்தான் பூச, பூச முடிஞ்சாத்தான் கேம் வெளிய போகும்னு சொல்லிட்டான். போன கேமுக்கு ஒருத்தன் சளின்னு வராம இருந்துட்டான். வெளிய விட்ட மொத வாரமே, ஆடினவங்க சேத்து வச்சதெல்லாம் தானா அழிஞ்சு போச்சு. ஊரெல்லாம் எங்களத் திட்டிச்சு. அது ப்ரோக்ராம் தப்புன்னு சுகிதானி படிச்சுப் படிச்சு சொன்னான். யாரு கேக்கறா? சளி புடிச்சவன் மேலதான் பழி. இந்தத் தடவ என் மேல வரணுமா?

அதுவும் இந்தத் தடவ பூசையே என்னோட புகைக்குத்தான் சாமி. அதான் எனக்கு எரியுது.

கதை பெருசா ஒண்ணும் இல்ல. ஏரில முழுகின ஊரு. காணாமப் போன அக்காளத் தேடி ஒரு பொண்ணு காகித வெளக்கோட வர்றா. பெரிய பாறைக்குப் பின்னாடியிருந்து கரும்புகை கசிஞ்சுகிட்டே இருக்கு. பாதாளத்துலேருந்து. எந்தப் பாறைன்னு உங்களுக்குத் தெரியாததா, பாதாளத்து வழிய அடச்ச அந்த நெசப் பாறைதான், இங்கேருந்து அரமணி நேரம். ஒசாகாவுல இருந்த கம்பெனிய இந்த மத்சுயேக்குத் தூக்கிக்கிட்டு வந்ததே அதுக்குத்தான். பாதாளத்து வாசப்படில உக்காந்து செஞ்சா நல்லா வரும்னான் ஹிகாமி. வாடக கொறச்சல்ங்கறத மட்டும் சொல்லல.

அந்தப் புகை பட்டா அந்தப் பொண்ணு சாக மாட்டா. செத்துட்டா ஆட்டம் முடிஞ்சிடுமே. கெட்டுப் போவா. மொதல்ல வெரல் நுனி கறுக்கும். அப்பறம் கையில இருக்கற வரைபடம் தப்பு வழி காட்டும். கடைசில தேடி வந்த அக்காளே எதிர்ல வந்து நின்னாலும் அடையாளம் தெரியாது. திரைல ஓரமா ஒரு கறுப்புக் கோடு ஏறிக்கிட்டே போகும், அதுக்கு நாங்க தீட்டுன்னே பேரு வச்சிருக்கோம். ஊத்துத் தண்ணி கெடச்சாக் கை கழுவிக்கலாம், எறங்கும்.

ஆக, கேமே அந்தப் புகைதான். அந்தப் புகை சரியா வரலன்னா மிச்சம் எல்லாம் குப்ப. இத ஹிகாமி என்கிட்ட சொன்னது போன வருஷம் ஏப்ரல் மாசம். அன்னிக்குப் புடிச்சுது சனி.

மொத புகையப் பாத்துட்டு சிகரெட் புகை மாதிரி இருக்குன்னான். சரி, மாத்தினேன். எட்டாவது புகைக்கு, இது கோவமா இருக்கு ஒகினோ சான், பாதாளத்துக்குக் கோவம் கெடையாதுன்னான். நேர்ல போய்ப் பாத்துட்டு வந்தவன் மாதிரி! இருவத்திமூணாவது புகை நல்லா வந்திருந்துச்சு சாமி, எனக்கே புடிச்சிருந்துச்சு. அழகா இருக்குன்னான். அழகா இருந்தா நல்லதுதானேன்னேன். கல்யாண மண்டபத்துல பொண்ணு மாப்ள வர்றப்ப போடுவாங்களே, அந்தப் புகை இதுன்னான். எழுந்து வெளிய போய்ட்டேன். போய் என்ன பண்ண? ஒரு காப்பி குடிச்சிட்டுத் திரும்பி வந்து இருவத்திநாலாவதுக்கு உக்காந்தேன்.

நாப்பதாவது புகைக்கு வந்தான் பாருங்க, இதுல பசி இல்லன்னான். புகைக்குப் பசி எங்கேருந்து வரும் சாமி? வயிறா இருக்கு அதுக்கு?

நானும் விடல. ஊதுபத்திய அடுக்கிக் கொளுத்திப் பாத்தேன், தீயணைப்பு மணி அடிச்சு மொத்தக் கட்டடமும் மழைல போய் நின்னுச்சு. மீன் தொட்டி வாங்கிக் கணவா மையக் கரச்சுப் பாத்தேன். கொசுவர்த்தி, ஈர வெறகு, டயர்... டயர் வேணாம், அத வுடுங்க. காலைல சூப்பு குடிக்கறப்பகூடக் கிண்ணத்துக்குள்ள கரச்ச மிசோ விழுது எப்படி மேல வந்து எப்படி உள்ள போகுதுன்னு பாத்துக்கிட்டே இருந்து, ஆறிப் போன சூப்ப குடிச்சிட்டு ஆஃபீஸ் போவேன். அந்தப் பக்கம் சுகிதானி வேற. உங்க புகை வந்தா படம் திக்குதுக்கா, கொஞ்சம் மெலிசாப் போடுங்கக்கான்னு. அவனுக்கு மெலிசா வேணும், இவனுக்குப் பசியா வேணும். என் தலையெழுத்து.

அம்பதாவதுக்கு மேல ஹிகாமி திட்டறதையும் நிறுத்திட்டான். அது இன்னும் மோசம். உக்காந்து பாப்பான், பெருமூச்சு விடுவான். ஒரு நாள் சொன்னான், இது வர்றதுன்னா வருது, போறதுன்னா போகுது, வர்றதா போறதான்னு முடிவு பண்ணாம நிக்கணும் ஒகினோ சான், பாக்கறவங்களுக்கு அது போயிடக் கூடாதேன்னும் இருக்கணும், வந்துடக் கூடாதேன்னும் இருக்கணும்னான். இப்படிச் சொன்னா என்னத்தப் போய் வரையறது? வார்த்த பேச அவனுக்கு, வெரலு தேய எனக்கு. அறுபத்தியொண்ணாவது புகையும் போச்சு. அது செப்டம்பர் கடைசி.

இருங்க, அந்த அம்மா உங்ககிட்ட ஏதோ கேக்கறாங்க.

ஃபோட்டோவா? பொண்ணு கிமோனோ நல்லா இருக்கே. கைல புடிச்சிருக்கற பூச மிட்டாய் நீளத்துக்கு அதுவே இல்ல, பாவம். போய் நில்லுங்க சாமி, எடுத்துட்டு வாங்க. நான் எங்கயும் போயிடல.

எடுத்தாச்சா? நல்லா சிரிச்சீங்க.

எங்க விட்டேன்? அறுபத்திரெண்டு. அக்டோபர் நடுவுல போட்டுக் காமிச்சேன். ஹிகாமி பாத்தான். வெளக்கப் போடச் சொன்னான். போட்டோம். மறுபடி அணைக்கச் சொல்லி இன்னொரு தடவ பாத்தான். அப்பறம் எழுந்து வெளிய போய்ட்டான், அந்த ஆளு. திரும்பி வந்து இதுதான்னான். அவ்வளவுதான். ஒன்றர வருஷத்துக்கு ஒரே வார்த்த.

மியாகேன்னு ஒரு பொண்ணு இருக்கா, கேம ஆடிப் பாத்து தப்பு கண்டுபிடிக்கறது அவ வேல. வருஷத்துக்கு இருவது பேய் கேம் ஆடுவா, பொணம் கெணத்துலேருந்து ஏறி வர்றப்ப சோத்து உருண்ட தின்னுக்கிட்டு இருப்பா. அப்படிப்பட்டவ ஹெட்ஃபோனக் கழட்டி வச்சிட்டா. நான் இத ஆட மாட்டேங்க்கா, அது என்னத் தெரிஞ்ச மாதிரி நிக்குதுன்னா. நின்னுடும், போயிடுச்சு போலன்னு நாம கால் எடுத்து வைப்போம், அப்பத் திரும்ப வரும்னா. கண்ணு கலங்கிடுச்சு அவளுக்கு.

எல்லாரும் கேட்டாங்க, எப்படிப் போட்டீங்கன்னு. சூப்புல பாத்ததுன்னுட்டேன். ஏரிச் சிப்பி போட்ட மிசோ சூப்பு. ஹிகாமி அத ஒரு பத்திரிகைக்காரன்கிட்ட வேற சொல்லிட்டான். சிப்பி சூப்பிலிருந்து பாதாளம்னு தலைப்பு. நாலு பேரு எனக்கு அனுப்பி வச்சாங்க.

அப்பறம் வரிசையா ஆரம்பிச்சுது. சுகிதானிக்கு முதுகுல அக்கி. சர்வர் ரெண்டு தடவ படுத்துக்கிச்சு. பாட்டு போடறவர் சைக்கிள்லேருந்து விழுந்து மணிக்கட்ட ஒடச்சுக்கிட்டாரு. அவரு எப்பவும் விழறவருதான், இது மூணாவது தடவ, ஆனா இந்தத் தடவ புகை தள்ளிவிட்டதாம். போன வாரம் மீட்டிங்ல ஹிகாமி எழுந்து சொல்றான், அந்தப் புகைல என்னமோ ஒட்டிக்கிட்டு வந்திருக்கு, எங்கேருந்து வந்துச்சுன்னு தெரியல, கழுவி வுட்டுடணும்னு. எல்லாரும் தலைய ஆட்டறாங்க. உள்ள தட்டுல ஒரு டிஸ்க் இருக்குமே, அதுல இருக்கறது மொத்த கேமும் இல்ல சாமி. அந்தப் புகை மட்டும்தான். தனியா எடுத்து எழுதிக் கொண்டாந்திருக்கான்.

ஒன்றர வருஷம் கேட்டான். இல்ல இல்லன்னு துரத்தினான். பாதாளம் வேணும், பாதாளம் வேணும்னு உயிர எடுத்தான். கொண்டாந்து குடுத்தா, ஐயோ தீட்டு, கழுவுன்னு இங்க வந்து நிக்கிறான். எனக்கு வர்ற கோவத்துக்கு அந்த டிஸ்க்க எடுத்துக்கிட்டு ஓடிரலாமான்னு இருக்கு. அதுக்கும் நான் உள்ள வரணும்.

உங்க மேல கோவம் இல்ல சாமி. கொஞ்சம் இருக்கு. உங்க மந்திரம் எங்க ஆரம்பிக்குதுன்னு எனக்குத் தெரியும். பொண்டாட்டி செத்துப் பாதாளத்துக்குப் போய்ட்டா, புருஷன் தேடிக்கிட்டுப் பின்னாலயே போறான். பாக்காதன்னு அவ சொல்லியும் வெளக்கக் கொளுத்திப் பாக்கறான். அழுகிப் போயிருக்கா. ஓடி வர்றான், வழில பாறைய வச்சு அடைக்கறான், ஆத்துல எறங்கிக் கழுவறான். கழுவினதுலதான் இத்தன சாமியும் பொறந்துச்சு, பூசையும் பொறந்துச்சு. சின்ன வயசுலேருந்து கேக்கறேன். ஒருத்தர்கூட கேக்கல, பாத்தது சரி, எதுக்குடா ஓடினன்னு.

நான் ஓடல சாமி.

அதான் சொல்ல வந்தேன். யொனாகோ ஆஸ்பத்திரில ஒருத்தரு இருந்தாரு. நுரையீரல் கெட்டுப் போயி. ரியோஜின்னு பேரு, டயர் கட வச்சிருந்தாரு. அவரு தங்கச்சி ஃபோன் பண்ணி, அண்ணனுக்குப் பக்கத்துல யாரும் இல்ல, நீங்க வருவீங்களான்னு கேட்டா. செவ்வாயும் வெள்ளியும் மத்தியானத்துல போவேன். ஆஃபீஸ்ல பல் டாக்டர்ட்ட போறேன்னு சொல்லிட்டு. அக்காவுக்கு எத்தன பல்லுதான் இருக்குன்னு சுகிதானி கிண்டல் பண்ணுவான். ஆஸ்பத்திரி நோட்டுல நோயாளிக்கு என்ன உறவுன்னு எழுதணும். தெரிஞ்சவங்கன்னு எழுதுவேன். வேற என்னத்த எழுத?

வாய்க்கும் மூக்குக்கும் ஒரு மூடி போட்டிருந்தாங்க, ஆக்சிஜனுக்கு. கண்ணாடி மாதிரி இருக்கும். மூச்சு விட்டா அது வெள்ளையா மூடிக்கும். அப்பறம் மெதுவாக் கலையும். அடுத்த மூச்சுக்கு மறுபடி மூடும். பேச்செல்லாம் நின்னு போச்சு, எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல அது ஒண்ணுதான். பாத்துக்கிட்டே உக்காந்திருப்பேன். அக்டோபர் நாலாந்தேதி மத்தியானம் அது தூரந்தூரமாப் போக ஆரம்பிச்சுது. கலைஞ்சிடும், வராது. போச்சுன்னு நெனப்பேன், வரும். நான் வெரல் விட்டு எண்ணிக்கிட்டு இருந்தேன் சாமி. நாலு விநாடி. ஏழு. பதினொண்ணு. எப்படிக் கலையுது, எந்த ஓரத்துலேருந்து மூடுது, எவ்வளவு நேரம் தயங்குது. இருவத்தாறு வருஷத்துப் பழக்கம், கண்ணு தானா எண்ணுது. கைய அவரு கைல வச்சுக்கிட்டே எண்ணினேன். என்ன பொம்பள இவன்னு எனக்கே என் மேல அருவருப்பா இருந்துச்சு.

புகையோடவே குடும்பம் நடத்திக்கன்னு அவருதான் ஒரு தடவ சொன்னாரு, பிரியற அன்னிக்கு. சண்டையெல்லாம் இல்ல. நான் ஒசாகாவுல புகை போட்டுக்கிட்டு இருந்தேன், அவரு இங்க டயர் மாத்திக்கிட்டு இருந்தாரு. ஒம்போது வருஷம் ஆச்சு கையெழுத்துப் போட்டு.

சாவுக்குப் போனேன். கடைசி வரிசைல உக்காந்தேன், கடைக்கு வர்றவங்களோட. வெளிய வர்றப்ப சாவுத் தீட்டு போக உப்புப் பொட்டலம் குடுத்தாங்க. வீட்டு வாசல்ல நின்னு மேல போட்டுக்கத் தோணல. அப்படியே உள்ள போய்ட்டேன். மறுநாள் ஆஃபீஸ் போனேன். எங்க ஆஃபீஸ்ல சாவு லீவுக்கு ஒரு பட்டியல் இருக்கு. புருஷன் பொண்டாட்டின்னா பத்து நாள், அப்பா அம்மான்னா ஏழு, மாமியாருக்குக்கூட மூணு நாள் போட்டிருக்கான். கையெழுத்துப் போட்டுப் பிரிஞ்ச புருஷனுக்கு ஒண்ணும் இல்ல. அப்பறம் என்ன, உக்காந்து வேலையப் பாத்தேன். பத்து நாள்ல அறுபத்திரெண்டாவது புகை வந்துச்சு. அந்த நாலும் ஏழும் பதினொண்ணும் அப்படியே அதுல இருக்கு. கடைசி இடைவெளிய மட்டும் போடல. கேம்ல அது எவ்வளவு நேரம் நின்னாலும் திரும்ப வரும். வந்தே தீரும்.

அழல சாமி. காத்து.

நான் கேக்க வந்தது இதுதான். சாவு வீட்டுக்காரங்க அம்பது நாள் இந்த வாசலத் தாண்டக் கூடாது, சரிதான? இன்னிக்கு நாப்பத்திரெண்டு. பிரிஞ்ச பொண்டாட்டிக்கு அந்தத் தீட்டு உண்டா, இல்லையா? நெட்டுல தேடினேன், ஒருத்தன் உண்டுங்கறான், நாலு பேரு இல்லங்கறான். இல்லன்னு நீங்க சொன்னா இப்பவே உள்ள வந்து தலைய குனியறேன், நீங்க அந்தக் கோல வீசுங்க, கழுவிட்டுப் போகட்டும். புகை கேம்லதான் இருக்கும், அது எங்கயும் போகாது, எனக்கும் தெரியும். ஆனா எனக்குத் தீட்டே இல்லன்னு ஆயிடும்ல? நோட்டுல தெரிஞ்சவங்க, பட்டியல்ல யாரும் இல்ல, இப்ப நீங்களும் சுத்தந்தான் வாம்மான்னு கூப்ட்டா, நான் எங்க போய் நிக்கறது?

உண்டுன்னு சொல்லுங்க சாமி. மிச்சம் எட்டு நாள்தான். அந்த எட்டு நாள எனக்குக் குடுங்க.

அதோ, ஹிகாமி படில நின்னு கைய ஆட்டறான். நீங்களே போய்ச் சொல்லிடறீங்களா, ஒகினோவுக்குத் தீட்டு, அவ வெளியவே நிக்கட்டும்னு? யாரு செத்தாங்கன்னு கேப்பாங்க.

புருஷன்னு சொல்லுங்க.